டர்போவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும்: பவர் இன்ஜின் கட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"எந்த டர்போ நல்லது?" என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். ஒவ்வொருவர் சொல்வதும் அவரவர் இன்ஜினுக்குச் சரியாகவே இருக்கும், உங்கள் இன்ஜினுக்குத்தான் பொருந்தாது. டர்போவில் இரண்டு சக்கரங்கள்: இன்ஜின் புகை சுழற்றுவது டர்பைன், அதோடு சேர்ந்து சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது கம்ப்ரஸர். இன்ஜின் புகையைச் சேர்த்து டர்பைனுக்குக் கொண்டுபோவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. நான் தகவல் தேடி அலைந்தபோது கம்ப்ரஸரைப் பற்றி நன்றாகத் தெரிந்தவருக்கு வெல்டிங் தெரியவில்லை. மேனிஃபோல்டு அருமையாகக் கட்டுபவர் கம்ப்ரஸர் மேப்பை, அதாவது கம்ப்ரஸரின் திறனைக் காட்டும் வரைபடத்தை, பார்த்ததே இல்லை. இன்ஜின் கம்ப்யூட்டரைச் சரிசெய்யும் ட்யூனரோ, எல்லாவற்றையும் வாங்கி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். அங்கங்கே கேட்டுச் சேர்த்ததை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். இதில் சொல்வதெல்லாம் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜினுக்கு.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்போ, மேனிஃபோல்டு, வேஸ்ட்கேட் (அதிகப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) மூன்றையும் ஒரே முடிவாக எடுங்கள். தள்ளுபடியில் கிடைத்தது என்று டர்போவை இன்று வாங்கி, கைக்குக் கிடைத்த மேனிஃபோல்டை அடுத்த மாதம் மாட்டினால், பின்னால் பிரிக்க வேண்டிய வேலை நிச்சயம் வரும்.

1. கடைக்குப் போகும் முன் நான்கு விஷயங்களை எழுதுங்கள்

எத்தனை ஹெச்பி வேண்டும், அது கிராங்க்கிலா (இன்ஜினின் சுழல் தண்டில் அளந்ததா) சக்கரத்திலா? எந்த ஆர்பிஎம்மிலிருந்து எந்த ஆர்பிஎம் வரை அந்த இழுவை வேண்டும்? என்ன எரிபொருள்? இன்ஜினின் உள்பாகங்கள், அதாவது கனெக்டிங் ராடு, பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், எவ்வளவு தாங்கும்?

இரண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். சாலையில் ஓடும் வண்டிக்கு 3500 ஆர்பிஎம்மில் இழுவை வந்தாக வேண்டும். நேர்கோட்டுப் பந்தயத்துக்கு 5000க்கு மேல் வந்தாலும் போதும். இரண்டும் 500 ஹெச்பிதான், ஆனால் இரண்டுக்கும் ஒரே டர்போ சரிப்படாது.

2. ஹெச்பியைக் காற்றாக மாற்றுங்கள்

பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்று உள்ளே போனால் கிராங்க்கில் சுமார் 10 ஹெச்பி கிடைக்கும். அப்படியானால் 500 ஹெச்பிக்கு நிமிடத்துக்கு 50 பவுண்டு, அதாவது சுமார் 22.7 கிலோ காற்று.

இந்தக் காற்றை இன்ஜினுக்குள் தள்ள எவ்வளவு பூஸ்ட் (வளிமண்டலத்துக்கு மேலான கூடுதல் அழுத்தம்) வேண்டும் என்பது இன்ஜினின் கொள்ளளவைப் பொறுத்தது. 2.0 லிட்டர் இன்ஜின் 7000 ஆர்பிஎம்மில், 95 சதவீத நிரப்புத்திறனில், நிமிடத்துக்கு 6.65 கன மீட்டர் காற்றை இழுக்கும். அதற்குள் 22.7 கிலோ அடங்க வேண்டுமானால் ஒரு கன மீட்டருக்கு 3.4 கிலோ வருகிறது. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பிறகு காற்று 50 டிகிரி செல்சியஸில் இருக்கிறது என்று வைத்தால், தேவைப்படும் மொத்த அழுத்தம் சுமார் 3.2 பார். வளிமண்டல அழுத்தமான 1 பாரைக் கழித்தால் பூஸ்ட் 2.2 பார். இதே 500 ஹெச்பியை 3.0 லிட்டர் இன்ஜினில் எடுக்க 1.1 பார் பூஸ்டே போதும்.

அடுத்து பிரஷர் ரேஷியோ. இது கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் காற்றின் அழுத்தத்தை, அதற்குள் நுழையும் காற்றின் அழுத்தத்தால் வகுப்பது. இதில் இரண்டு இழப்புகளைச் சேர்க்க மறக்காதீர்கள். இன்டர்கூலரிலும் குழாயிலும் 0.1 பார், ஏர் ஃபில்டரில் 0.05 பார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது 2.0 லிட்டருக்கு 3.3ஐ 0.96ஆல் (வளிமண்டலம் துல்லியமாக 1.01 பார் என்பதால்) வகுக்க சுமார் 3.4, 3.0 லிட்டருக்கு சுமார் 2.3 வரும். மலைப்பகுதியில் ஓட்டுபவர்கள் கவனியுங்கள். 1500 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தமே சுமார் 0.85 பார்தான். அங்கே அதே 500 ஹெச்பி வேண்டுமென்றால் இந்த 3.4 என்பது 4.1 ஆகிவிடும். பல கம்ப்ரஸர்களின் மேப்பில் அந்த ரேஷியோவில் கோடே இருக்காது.

3. கம்ப்ரஸர் மேப்பில் புள்ளி வையுங்கள்

மேப் இல்லாத டர்போவை வாங்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெயர் பெற்ற தயாரிப்பாளர்கள் எல்லோரும் மேப் தருகிறார்கள். "மேப் இல்லை, ஆனால் 600 ஹெச்பி வரும்" என்று ஒருவர் சொன்னால் அந்த 600 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

மேப்பில் கிடைமட்டமாகக் காற்றின் அளவு, செங்குத்தாகப் பிரஷர் ரேஷியோ. இடது ஓரத்துக் கோடு சர்ஜ் எல்லை. அதற்கு இடப்பக்கம் போனால் காற்று முன்னும் பின்னும் அடித்து பேரிங்கைத் தேய்க்கும். வலது ஓரம் சோக். அதற்கு மேல் எவ்வளவு சுற்றினாலும் காற்று கூடாது, சூடுதான் கூடும். நடுவில் வளையம் வளையமாக இருப்பவை திறன் வளையங்கள்.

இங்கே பெரும்பாலானோர் ஒரே ஒரு புள்ளி, அதாவது உச்ச பவர் புள்ளியை வைத்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். குறைந்தது மூன்று புள்ளிகள் வையுங்கள்: முழு பூஸ்ட் வர வேண்டிய ஆர்பிஎம், உச்ச டார்க், ரெட்லைன் (இன்ஜினின் உச்ச ஆர்பிஎம் எல்லை). மேலே பார்த்த 2.0 லிட்டரையே எடுங்கள். 3500 ஆர்பிஎம்மிலேயே முழு 2.2 பார் வேண்டும் என்றால், அங்கே காற்று பாதிதான், அதாவது 25 பவுண்டு. ஆனால் பிரஷர் ரேஷியோ அதே 3.4. பெரிய கம்ப்ரஸர் பலவற்றில் இந்தப் புள்ளி சர்ஜ் கோட்டுக்கு இடப்பக்கம் போய் விழும். அப்படி விழுந்தால் பூஸ்டைத் தாமதமாக ஏற்ற வேண்டும், இல்லையென்றால் சின்ன கம்ப்ரஸரை எடுக்க வேண்டும்.

திறன் வளையம் ஏன் முக்கியம் என்பதை வெப்பத்தில் பார்க்கலாம். 30 டிகிரி காற்றை 3.4 ரேஷியோவுக்கு அழுத்தினால், 75 சதவீதத் திறனில் அது சுமார் 200 டிகிரியில் வெளிவரும். 60 சதவீதத்தில் 240 டிகிரியைத் தாண்டும். அந்த 40 டிகிரியை இன்டர்கூலர்தான் சுமக்க வேண்டும். அது சுமக்க முடியாவிட்டால் நாக்கிங் (எரிபொருள் கலவை தானாக வெடிப்பது) வரும், ட்யூனர் இக்னிஷன் டைமிங்கைக் குறைப்பார், நீங்கள் எழுதி வைத்த 500 காகிதத்திலேயே நின்றுவிடும். ரெட்லைன் புள்ளி 68 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல்.

பெயரில் இருக்கும் எண்களை நம்பி ஒப்பிடாதீர்கள். காரெட்டின் ஜி30-770 என்பதில் 770 ஹெச்பியைக் குறிக்கிறது. போர்க்வார்னரின் இஎஃப்ஆர் 8374 என்பதில் 83 மிமீ கம்ப்ரஸர் சக்கரத்தின் பெரிய விட்டம், 74 மிமீ டர்பைன் சக்கரத்தின் விட்டம். ஒன்று பவர், இன்னொன்று அளவு. அந்த 770ம் கம்ப்ரஸர் தள்ளக்கூடிய காற்றை வைத்துச் சொன்னது. உங்கள் இன்ஜினும் எரிபொருளும் அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

4. டர்பைன் பக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள்

கம்ப்ரஸர் எவ்வளவு காற்று தள்ளினாலும், வெளியே போகும் வழி குறுகலாக இருந்தால் பயனில்லை. டர்பைன் சக்கரத்தைச் சுற்றிய கூடான ஹவுசிங்கின் ஏ/ஆர் எண், அதாவது புகை வழியின் அளவைக் குறிக்கும் எண், இங்கேதான் வருகிறது. எண் சிறியதானால் டர்போ சீக்கிரம் சுற்றும், மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டும். பெரியதானால் நேர்மாறு. ஆனால் ஒரு மாடலின் 0.83ஐ வேறு மாடலின் 0.83ஓடு ஒப்பிட முடியாது, சக்கரத்தின் அளவு மாறும்போது எல்லாமே மாறிவிடும். டர்பைன் ஃபுளோ வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சரியாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி அளப்பதுதான். மேனிஃபோல்டு கலெக்டரில் (குழாய்கள் எல்லாம் சேரும் இடத்தில்) ஒரு சின்னத் துளைக்கு இடம் விட்டு, அங்கே உள்ள அழுத்தத்தைப் பூஸ்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் மிக நன்று. ஒன்றரை மடங்கு வரை ஓட்டலாம். இரண்டு மடங்கைத் தாண்டினால் ஹவுசிங் சிறியது என்று பொருள், பூஸ்டை இன்னும் ஏற்றிப் பயனில்லை.

புகைக்கு இரண்டு தனி வழிகள் உள்ள ட்வின் ஸ்க்ரோல் ஹவுசிங் எடுப்பதானால் மேனிஃபோல்டும் பிரிந்தே வர வேண்டும். 1-3-4-2 வரிசையில் வெடிக்கும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் 1ம் 4ம் ஒரு பக்கம், 2ம் 3ம் மறுபக்கம். 1-5-3-6-2-4 வரிசை ஆறு சிலிண்டரில் முதல் மூன்றும் பின் மூன்றும். சாதாரண மேனிஃபோல்டில் ட்வின் ஸ்க்ரோல் ஹவுசிங்கை மாட்டினால் கூடுதல் விலை கொடுத்த பலன் கிடைக்காது. கேஸ்கெட்டின் நடுச்சுவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில கேஸ்கெட்டுகளில் அது இருப்பதில்லை.

5. மேனிஃபோல்டு: லாக் அல்லது ட்யூபுலர்

லாக் வகை குட்டையானது, தடிமனானது, மலிவானது, இடம் அடைக்காது. வார்ப்பிரும்பில் வந்தால் வருடக்கணக்கில் விரிசல் விடாமல் உழைக்கும். சீக்கிரம் பூஸ்ட் வரும். மேல் ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் போர்ட்டுக்குள் போய் முட்டும்.

ட்யூபுலரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய், கலெக்டரில் சேரும். மேல் பக்கம் பவர் கூடும். விலையும் கூடும், இடமும் அதிகம் வேண்டும், விரிசலுக்கும் வாய்ப்பு அதிகம். தினமும் ஓட்டும் வண்டி, 400 ஹெச்பிக்குள் இலக்கு என்றால் நல்ல வார்ப்பிரும்பு மேனிஃபோல்டையே எடுங்கள் என்பேன். நீளம் மில்லிமீட்டர் சுத்தமாகச் சமமாக இருக்க வேண்டும் என்று சிலர் விற்பார்கள். அதைவிடக் கலெக்டரில் குழாய்கள் எந்தக் கோணத்தில் சேர்கின்றன, வேஸ்ட்கேட் எங்கே கிளம்புகிறது என்பவைதான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

6. உலோகமும் தடிமனும்

முதலில் ஒரு பொறி. பைப்பும் ட்யூபும் ஒன்றல்ல. "1.25 அங்குல பைப்" என்றால் வெளிவிட்டம் 42.2 மிமீ. "1.25 அங்குல ட்யூப்" என்றால் 31.8 மிமீ. ஷெட்யூல் 10 (இது சுவர்த் தடிமன் வகை) பைப்பில் சுவர் 2.77 மிமீ, ஆகவே உள்விட்டம் 36.6 மிமீ. 1.5 அங்குல ஷெட்யூல் 10 பைப்பின் உள்விட்டம் சுமார் 42.8 மிமீ. ஃபேப்ரிகேட்டரிடம் பேசும்போது வெளிவிட்டத்தையும் சுவர்த் தடிமனையும் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். ஹெட்டின் போர்ட் அளவையும் கேஸ்கெட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எங்கும் கிடைக்கும், ஆனால் சுமார் 425 முதல் 860 டிகிரிக்குள் நீண்ட நேரம் இருந்தால் அதன் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து வெல்டின் ஓரம் பலவீனமாகும். டர்போ மேனிஃபோல்டு அந்த வெப்பத்தில்தான் வாழ்கிறது. 321ல் டைட்டானியமும் 347ல் நியோபியமும் சேர்த்திருப்பது இதைத் தடுக்கத்தான். மெல்லிய சுவரில் ட்யூபுலர் கட்டினால் 321 அல்லது 347க்குக் கூடுதல் பணம் கொடுங்கள். ஷெட்யூல் 10 தடிமனில் 304ம் பலருக்கு நன்றாக உழைக்கிறது.

விரிவடைவதைக் கணக்கில் எடுங்கள். 300 மிமீ நீள ஸ்டெயின்லெஸ் குழாய் 700 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 3.8 மிமீ நீளும். ஹெட் அவ்வளவு சூடேறாது. எனவே மேனிஃபோல்டு நீளப் பார்க்கும், போல்ட்டுகள் பிடித்து இழுக்கும், நடுவில் பலவீனமான வெல்டில் விரிசல் விழும். போர்ட்டுகளுக்கு இடையே ஃபிளாஞ்சை (ஹெட்டோடு போல்ட் செய்யும் தட்டை) வெட்டிவிடுவதும், ஓரத்து ஸ்டட் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக விடுவதும் இதற்காகத்தான். டர்போவின் எடை முழுவதையும் குழாய்கள் மேல் தொங்கவிடக் கூடாது. பிளாக்கிலிருந்து ஒரு தாங்கு பிராக்கெட் வையுங்கள், ஆனால் அதுவும் விரிவுக்கு இடம் கொடுக்க வேண்டும்.

வெல்டரிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: "உள்ளே ஆர்கான் விட்டு டிக் வெல்டிங் செய்வீர்களா?" விடாவிட்டால் குழாயின் உட்புறம் கருகிச் சொரசொரவென்று இருக்கும். அது உதிர்ந்தால் நேராக டர்பைன் சக்கரத்தில் போய் அடிக்கும். முன்பு செய்த வேலையின் உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெளியே தெரியும் வானவில் நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

7. வேஸ்ட்கேட்

பவர் அதிகம், பூஸ்ட் குறைவு என்றால் பெரிய வேஸ்ட்கேட் வேண்டும். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். மேலே சொன்ன 3.0 லிட்டர் இன்ஜின் 1.1 பாரில் நிற்க வேண்டுமானால் நிறையப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிட வேண்டும். 2.2 பாரில் ஓடும் 2.0 லிட்டருக்கு அந்த அளவு திருப்பத் தேவையில்லை.

அளவை விட இடம் முக்கியம். கேட்டுக்குப் போகும் குழாய் புகை ஓடும் திசையிலேயே மெல்ல விலகிக் கிளம்ப வேண்டும். செங்குத்தாகவோ, பின்னோக்கித் திரும்பியோ கிளம்பினால் 60 மிமீ கேட் வைத்தாலும் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். ட்வின் ஸ்க்ரோல் என்றால் இரு பக்கமிருந்தும் எடுக்க வேண்டும்.

ஸ்பிரிங் வாங்கும்போது, ஸ்பிரிங் அழுத்தத்துக்குக் கீழே பூஸ்டை இறக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். முதல் ட்யூனிங்குக்குத் தாழ்ந்த ஸ்பிரிங், அப்புறம் சொலினாய்டு (மின்சார வால்வு) மூலம் ஏற்றுவது என்பதே பாதுகாப்பான வழி.

8. இடம் பார்த்து, டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) வைத்து, பிறகே முழு வெல்டிங்

டர்போ கையில் இல்லாமல் மேனிஃபோல்டு செய்யக் கொடுக்காதீர்கள். இன்ஜின் பேயில் உட்கார்த்தி, ஸ்டியரிங் ராடு, பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஏசி குழாய், பானெட் எல்லாம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஸ்டட் நட்டுகளுக்கு ஸ்பேனர் போகிறதா என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு நட்டுக்கு ஸ்பேனர் போகவில்லையென்றால் ஒவ்வொரு முறையும் டர்போவையே இறக்க நேரும்.

ஆயில் திரும்பும் குழாய் புவியீர்ப்பில் மட்டுமே இறங்குகிறது. டர்போவின் கீழ்த்துளையிலிருந்து சம்ப் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) வரை மேடு பள்ளம் இல்லாமல், சாய்வாக, சம்பின் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். டர்போவை மிகத் தாழ்வாக வைத்தால் இது நடக்காது, ஆயில் சீல் வழியாகக் கசிந்து நீலப் புகை வரும். டர்போ கெட்டுவிட்டது என்று மாற்றுகிறார்கள், உண்மையில் குழாய்தான் காரணம்.

ஈஜிடி (புகையின் வெப்பத்தை அளக்கும் சென்சார்), பிரஷர் அளவுத் துளை, ஆக்ஸிஜன் சென்சார் இவற்றுக்கான நட்டுகளையும் இந்தக் கட்டத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். வெல்டிங் முடிந்ததும் ஃபிளாஞ்ச் முகத்தை மெஷினிங் செய்து சமன்படுத்தக் கொடுங்கள். வெல்டிங் சூட்டில் அது வளையாமல் இருப்பது அரிது.

9. கையில் வைக்க வேண்டிய தாள்கள்

டர்போவின் கம்ப்ரஸர் மேப், டர்பைன் வரைபடம், அளவுகள் உள்ள டிராயிங். சீரியல் எண் எழுதிய பில். அந்த எண்ணைத் தயாரிப்பாளரிடமோ அவர்களின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ சரிபாருங்கள், போலிகள் ஏராளம். வாரண்டி நிபந்தனைகளைப் பணம் கட்டும் முன் வாசியுங்கள். ஆயிலில் அழுக்கு, அளவுக்கு மீறிய வேகம் ஆகிய இரண்டும் பெரும்பாலும் வாரண்டியில் சேராது. பழைய டர்போ என்றால் பேலன்சிங் அறிக்கை கேளுங்கள். குழாய்க்கு உலோகச் சான்றிதழ் வாங்குங்கள், 321 என்று சொல்லி 304 கொடுத்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வண்டி சாலையில் ஓடப் போகிறது என்றால், மாற்றம் செய்த இன்ஜினுக்கான பதிவு, புகைச் சோதனை, இன்ஷூரன்ஸ் விதிகளை முன்கூட்டியே விசாரித்து எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

10. செலவை எப்படிப் பிரிப்பது

டர்போவின் விலைப்பட்டியலை மட்டும் வைத்து பட்ஜெட் போடாதீர்கள். வேஸ்ட்கேட், வி-பேண்ட் கிளாம்புகள், ஆயில் வரும் குழாய், திரும்பும் குழாய், தண்ணீர் குழாய், கேஸ்கெட், நல்ல ஸ்டட், டவுன்பைப் (டர்போவுக்குப் பின் வரும் புகைக் குழாய்), வெப்பத் தடுப்புத் தகடு என்று சில்லறைச் சாமான்கள் சேர்ந்து பெரும் தொகையாகும். பால் பேரிங் டர்போவுக்குப் பெரும்பாலும் ஆயில் வரத்தைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டரும் வேண்டும். அதற்கு மேல் இன்ஜெக்டர், ஃபியூயல் பம்ப், இன்டர்கூலர், கிளட்ச், ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்), டைனோ (பவர் அளக்கும் இயந்திரம்) நேரம்.

பணம் குறைவாக இருந்தால் எங்கே குறைப்பது? பால் பேரிங்குக்குப் பதில் ஜர்னல் பேரிங் எடுக்கலாம், கொஞ்சம் தாமதமாகச் சுற்றும், வேறொன்றும் ஆகாது. ட்யூபுலருக்குப் பதில் வார்ப்பிரும்பு லாக் எடுக்கலாம். ஆனால் வேஸ்ட்கேட்டிலும் ஆயில் குழாயிலும் ட்யூனிங்கிலும் குறைக்காதீர்கள். போலி வேஸ்ட்கேட்டின் டயஃப்ரம் கிழிந்தால் பூஸ்டைப் பிடிக்க ஆளில்லை, இன்ஜினே போய்விடும்.

11. எதற்குப் பிறகு எது

கணக்கு, மேப், ட்யூனரோடு ஒரு பேச்சு. பிறகு டர்போவும் வேஸ்ட்கேட்டும் ஆர்டர். அவை வந்த பிறகு மேனிஃபோல்டு. அதற்குப் பிறகே டவுன்பைப்பும் இன்டர்கூலர் குழாய்களும். நல்ல ஃபேப்ரிகேட்டரிடம் எப்போதும் வரிசை இருக்கும், எனவே டர்போ ஆர்டர் செய்யும் நாளிலேயே அவரிடம் இடம் சொல்லி வையுங்கள். டைனோ தேதியை மட்டும் முன்பே பிடிக்காதீர்கள். தேதி நெருங்கும்போது அவசரம் வரும், அவசரத்தில் டேக் வெல்டோடு ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள்.

செராமிக் கோட்டிங் கடைசி வேலை. இன்ஜினை ஓட்டி, கசிவு பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றிய பிறகே கொடுங்கள். கோட்டிங் செய்த பின் வெல்டிங் செய்ய வேண்டி வந்தால் அந்த இடத்தில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

12. முதல் ஸ்டார்ட்

ஆயிலும் ஃபில்டரும் புதிது. டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் வரும்வரை ஸ்டார்ட்டரில் சுற்ற வேண்டும். அதன் பிறகே ஸ்டார்ட் செய்து, பூஸ்ட் ஏற்றாமல் ஐடிலில் விட்டு, ஆயில் குழாய் மூட்டுகளையும் ஃபிளாஞ்சுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

முழுதாகச் சூடேறி முழுதாக ஆறிய பிறகு எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். இன்னும் சில முறை சூடேறி ஆறிய பின்னும் இதையே செய்ய வேண்டும். அப்போது கலெக்டர் வெல்டையும் வேஸ்ட்கேட் குழாய் கிளம்பும் மூலையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். விரிசல் வந்தால் முதலில் அந்த மூலையில்தான் தெரியும், மயிரிழை போல, ஓரத்தில் கரி படிந்து. அந்த நிலையிலேயே கழற்றி டிரில் செய்து வெல்ட் வைத்தால் சரியாகிவிடும். விட்டால் துண்டு உடைந்து டர்பைனுக்குள் போகும்.